நூற்றுக்குப் பத்து யாருடைய கைக்குப் போகிறது: நுவரெலியாவின் ஓர் உணவகம் பற்றி

நுவரெலியாவில், தேயிலைத் தோட்டத் துரையின் பழைய பங்களா ஒன்றைத் திருத்தி நடத்தப்படும் இந்த உணவகத்தின் சமையலைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. சோறு உதிரியாகவும் சூடாகவும் வந்தது. பருப்புக் கறியில் தேங்காய்ப்பால் தாராளமாக இருந்தது. லீக்ஸும் போஞ்சியும் நிறம் மாறாமல் பதமாக வதங்கியிருந்தன. கோழிக் கறியில் மாத்திரம் உப்பு சற்றுக் கூடிவிட்டது. தேநீரைக் குடுவையில் கொண்டுவந்து வைத்தவர், சாயம் இறங்குவதற்குச் சில நிமிடம் விட்டு ஊற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். தேயிலை விளையும் ஊரிலேயே இந்தப் பொறுமையைக் காட்டும் கடைகள் குறைவு. நால்வர் சாப்பிட்டதற்கு 7,200 ரூபாய். அதன் கீழே, சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து என்ற வரியில் 720 ரூபாய். ஆக மொத்தம் 7,920. சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு போதும். இந்த விமர்சனத்தை எழுதத் தூண்டியது அந்த 720 ரூபாய்தான்.

உணவகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. எனக்குச் சம்பள விபரத்தைச் சொன்ன பரிமாறுபவர் இன்னமும் அங்கேயே வேலை செய்கிறார். பரிமாறுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் உள்ள ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் ஆளின் பெயரையே சொன்னதாகிவிடும். மேலும், கீழே வருபவை இந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவையல்ல. நானுஓயாவிலிருந்து எல்ல வரை, உல்லாசப் பயணிகளை நம்பி நடக்கும் உணவகங்களில் வேலை செய்யும் நம்மவர்களிடம் பேசினால், சிற்சில மாற்றங்களோடு இதே கதையைத்தான் கேட்க நேர்கிறது.

எங்கள் மேசைக்கு வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். எங்களோடு தமிழிலும், பக்கத்து மேசையில் இருந்த கண்டிக் குடும்பத்தோடு சிங்களத்திலும், சன்னலோரத்து வெள்ளைக்காரத் தம்பதியோடு ஆங்கிலத்திலும் தடங்கலின்றிப் பேசினார். எங்களோடு வந்திருந்த அம்மா கறியைத் தொட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடியதைக் கூடத்தின் மறுகோடியிலிருந்தே கவனித்து, யாரும் கேட்காமல் ஒரு கிண்ணம் தயிரைக் கொண்டுவந்து வைத்தார். அது பில்லில் ஏறவும் இல்லை. இடது முன்கையில் மூன்று தட்டுகளை அடுக்கி, வலது கையில் நான்காவதை ஏந்தி, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் உள்ள உயர்ந்த வாசற்படியைக் குனிந்து பாராமலே தாண்டி வந்தார். தட்டை வைக்கும்போது பெருவிரல் விளிம்பின் உட்புறத்தைத் தொடவே இல்லை. பதினொரு வருடமாக இதே இடத்தில் இதே வேலை. அதற்கு முன்னர், பதினான்கு வயதிலிருந்து, வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் மேசை துடைத்து, தட்டெடுத்து, பிறகு பரிமாறப் பழகியவர். அன்று பதினான்கு வயதுப் பையனை வேலைக்கு வைப்பது சட்டத்துக்கு உட்பட்டதாகவே இருந்தது. அந்த எல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது 2021இல்தான்.

பில்லைக் கொண்டுவந்தபோது, "அண்ணே, இந்தப் பத்து வீதம் உங்களுக்குத்தானே வருது?" என்று கேட்டேன். காசாளர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "வருதுங்க சேர், ஆனா பிரிச்சுத்தான் வரும்" என்றார். மீதி விபரத்தை, காலை முறை முடிந்து வீட்டுக்குப் புறப்பட்டவரைப் பஸ் நிலையத்தில் தற்செயலாகக் கண்டபோது, தலவாக்கலை பஸ் வரும் வரை நின்று சொன்னார்.

அவருடைய அடிப்படைச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அது முதலாளி மனமுவந்து கொடுக்கும் தொகை அல்ல. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் சட்டம் விதித்திருக்கும் அடிமட்டம். 2016ஆம் ஆண்டில் வந்த தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 10,000 ரூபாயில் தொடங்கியது. 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, அதன் பின் 30,000 என்று ஏறியது. ஏறியது நல்லதே. ஆனால் இந்த ஏற்றத்தின்போது பல இடங்களில் நடந்திருப்பது என்னவென்றால், அடிமட்டத்தில் இருந்தவர்களை மேலே தூக்கிவிட்ட முதலாளிமார், ஏற்கெனவே சற்று மேலே இருந்தவர்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். விளைவாக, மூன்று மொழி பேசி, நான்கு தட்டு ஏந்தி, புதியவர்களைப் பழக்கியும் விடும் இவரும், சென்ற மாதம் வேலைக்குச் சேர்ந்த பையனும் ஏறத்தாழ ஒரே சம்பளத்தில் நிற்கிறார்கள். பண்டாரவளையிலும் கண்டியிலும் ஹோட்டல் பாடசாலையின் கிளைகள் இருக்கின்றன. அங்கே படித்துச் சான்றிதழோடு வருபவருக்குப் பெரிய ஹோட்டலில் ஒரு படி கூடக் கிடைக்கலாம். கடையிலேயே தொழில் கற்றவரின் பதினொரு வருடத்துக்குச் சான்றிதழ் கொடுப்பவர் யாரும் இல்லை.

அடிப்படைச் சம்பளத்துக்கு மேலே வருவதுதான் அந்தப் பத்து வீதம். மாதம் முழுவதும் சேர்ந்த தொகையில் முதலில் ஒரு பங்கை உடைவுக் கணக்கு என்ற பெயரில் நிர்வாகம் ஒதுக்கிக்கொள்கிறது. உடைந்த கோப்பை, காணாமற்போன கரண்டி, காசு கொடுக்காமல் எழுந்துபோன மேசை என்று எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மீதி புள்ளிகளாகப் பிரிக்கப்படுகிறது: பரிமாறுபவருக்கு இத்தனை புள்ளி, சமையற்காரருக்கு இத்தனை, பாத்திரம் கழுவுபவருக்கும் தோட்டக்காரருக்கும் இத்தனை. சமையலறைக்குப் பங்கு போவதில் எனக்கு மறுப்பு இல்லை. வாடிக்கையாளரின் கண்ணில் படாத இடத்தில் வெந்துகொண்டிருப்பவர்களும் அந்தச் சேவையைச் செய்தவர்களே. ஆனால், சம்பளம் பல மடங்கு பெறும் முகாமையாளருக்கும் இதே குவியலில் பெரிய புள்ளி இருப்பதையும், மாதத்தில் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, உடைவுக்கு எவ்வளவு போனது என்பதை எழுதி ஒட்டும் வழக்கமே இல்லாதிருப்பதையும் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. உடைவைத் தாங்கிக்கொள்வது வியாபாரம் செய்பவரின் செலவு. நான் கொடுத்த 720 ரூபாயில் ஒரு பகுதி கடைக்குப் புதிய கோப்பை வாங்கப் போகும் என்று பில்லில் எழுதியிருந்தால், நான் அதை வேறு விதமாக யோசித்திருப்பேன்.

ஏப்ரல் சீசனில், பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமுமாக நகரம் நிரம்பி வழியும்போது, அவருக்குப் பங்காக 25,000 ரூபாய்க்கு மேல் வந்ததுண்டு. மழைக் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் அது 7,000த்தைத் தாண்டுவதில்லை. பிள்ளைகளின் டியூஷன் காசும் பஸ் காசும் சீசன் பார்த்துக் குறைவதில்லை என்பதால், ஏப்ரலில் அடகு மீட்ட நகை ஆகஸ்டில் மீண்டும் அடகுக்குப் போகிறது என்று அவர் சொன்னபோது குரலில் புகார் இருக்கவில்லை. அது ஆண்டுதோறும் நடக்கும் காரியம்.

இதைவிட ஆழமான பிரச்சினை ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அறிய வாய்ப்பில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு இவருடைய சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி பக்கத்திலிருந்து 12, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி பக்கத்திலிருந்தே 3 என்று கட்டப்படுகிறது. அதாவது 30,000 ரூபாய்க்கு முறையே 2,400, 3,600, 900. ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்பதை இந்த உணவகத்தின் நற்பெயருக்காகச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் கணக்கு முழுவதும் அடிப்படைச் சம்பளத்தின் மீதே போடப்படுகிறது. சீசனில் வரும் பங்கு எதுவும் அதில் சேர்வதில்லை. ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டின் சட்டப்படி கிடைக்க வேண்டிய பணிக்கொடையும் அதே சிறிய எண்ணிலிருந்துதான் கணக்கிடப்படும். உழைக்கும் காலத்தில் வருமானத்தின் கணிசமான பங்கை வாடிக்கையாளரே கொடுத்துவிடுவதால், ஓய்வு பெறும் நாளில் முதலாளியின் கடன் சுருங்கிவிடுகிறது.

மேலதிக நேரத்துக்கும் இதே பத்து வீதம் போர்வையாகிறது. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்து, அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்கச் சொல்கிறது. சீசன் காலத்தில் காலை ஏழுக்கு வந்தவர் இரவு பத்துக்குத்தான் புறப்படுகிறார். கேட்டால், ஆள் கூட வந்தால் சர்விஸ் சார்ஜும் கூடத்தானே வருகிறது என்று பதில் கிடைக்குமாம். வாடிக்கையாளர் கொடுத்த காசைக் காட்டி, முதலாளி கொடுக்க வேண்டிய காசு நிறுத்தப்படுகிறது.

சேவைக் கட்டணமே இல்லாத கடையில் நிலைமை எப்படி என்று பார்ப்பதற்கு ஹட்டன் வரை போனால் போதும். அங்கே நான் வழமையாகச் சாப்பிடும் ஒரு சைவக் கடை உண்டு. இதற்கும் பெயர் வேண்டாம். உட்கார்ந்ததும் உளுந்து வடையும் பருப்பு வடையும் மரக்கறி ரோல்ஸும் அடுக்கிய தட்டொன்று மேசைக்கு வந்துவிடும். நீங்கள் எடுத்தது போக மீதியை ஓரக்கண்ணால் எண்ணி, அதோடு தோசை, இடியப்பம், பிளேன்டீ எல்லாவற்றையும் மனத்தாலே கூட்டி, கல்லாப்பெட்டியை நோக்கி ஒரே ஓர் எண்ணை உரத்துச் சொல்வார் பரிமாறுபவர். துண்டு இல்லை, பில் புத்தகம் இல்லை. ஒரே நேரத்தில் ஆறேழு மேசைகளின் கணக்கைத் தலையில் வைத்திருக்கும் இந்த ஆற்றலுக்குக் கொழும்பு ஹோட்டல்களில் ஒரு கணினியும் ஒரு காசாளரும் வைத்திருக்கிறார்கள். இங்கே கணக்குத் தவறி ஒரு வடை விடுபட்டால், மாலையில் அவருடைய நாட்சம்பளத்தில் பிடிப்பார்கள். சம்பளச் சபைகள் பற்றிய 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், அனுமதிக்கப்படாத கழிவுகளைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சொல்வது கல்லாப்பெட்டி வரை எட்டவில்லை.

அந்தக் கடையில் நாட்சம்பளம் 2,000 ரூபாய்; மூன்று வேளைச் சாப்பாடும் மேல்மாடியில் படுக்க இடமும் உண்டு. தோட்டத்தில் 2024 செப்டெம்பரில் விதிக்கப்பட்ட நாட்கூலி 2025 முடியும் வரை 1,350 ரூபாயாகவே இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், லயத்து (தோட்டக் குடியிருப்பு) இளைஞர்கள் ஏன் மலையை விட்டிறங்கி நகரத்துக் கடைகளுக்கு வருகிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஆயினும் ஒப்பீடு அவ்வளவு நேரானது அல்ல. தோட்டத்துக் கூலிக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறது, பெயர் பதியப்பட்டிருக்கிறது. கடையில் அது எதுவும் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் போன நாளுக்குச் சம்பளம் இல்லை. சாப்பாடு கொடுக்கிறோமே என்பது முதலாளிமார் சொல்லும் நியாயம். ஆனால் 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம், வேலை கொடுப்பவர் வழங்கும் உணவின் பெறுமதியையும் சம்பாத்தியத்தில் சேர்த்துக் கணக்கிட்டு அதற்கும் நிதி கட்டச் சொல்கிறது. இதை அறிந்த முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை. அறிந்த தொழிலாளியையும் சந்திக்கவில்லை.

தட்டேந்தும் வேலை ஒன்றாயினும் இடத்துக்கு இடம் அதன் விலை மாறுகிறது. மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு எடுத்தவர் கொடுப்பது ஒன்று. கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறுகளில் பரிமாறும் பையன்களுக்குக் கையில் கொடுப்பது இன்னொன்று. துரைமார் காலத்துப் பங்களாக்களில் அப்பு என்று அழைக்கப்பட்டவர் செய்த அதே பணியை, இன்று உல்லாச விடுதிகளாக மாறிய அதே பங்களாக்களில் சீருடை அணிந்து செய்பவர்கள், டொலர் கொடுத்துத் தங்குபவர்களால் மலையகத்திலேயே ஓரளவு நல்ல வருமானம் காண்கிறார்கள். பெண்களை இந்த வேலையில் காண்பது பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான். சைவக் கடைகளில் இன்றும் ஆண்களே.

டொலரை நம்பியிருப்பதன் ஆபத்தையும் மலையகம் பார்த்துவிட்டது. 2018இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 லட்சத்துக்கு மேல். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கும் அடுத்து வந்த கொரோனாவுக்கும் பின், 2021இல் அது 2 லட்சத்துக்கும் குறைவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைப்பாதைகளையும் ரயில் பாதையையும் துண்டித்தபோது மீண்டும் மேசைகள் வெறுமையாகின. இப்படியான மாதங்களில் பத்து வீதம் என்பது ஒன்றுமில்லாததன் பத்து வீதம். அந்தக் காலத்தில் கையில் நின்றது அடிப்படைச் சம்பளம் மாத்திரமே. வியாபாரத்தின் நட்டத்தில் பங்கெடுக்கும் தொழிலாளிக்கு இலாபத்தின் கணக்கையாவது காட்ட வேண்டாமா?

வெளிநாடுகளில் இதே சிக்கலை வெவ்வேறு விதமாக அவிழ்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டொலர் மாத்திரம்; 1991இலிருந்து அது அசையவில்லை. டிப்ஸோடு சேர்ந்தும் 7.25 டொலரை எட்டாவிட்டால் மிச்சத்தை முதலாளி நிரப்ப வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்தக் குறைப்பை ஏற்காமல் முழு அடிமட்டக் கூலியையும் கொடுக்கச் சொல்கின்றன. நம்மவர்கள் நிறைந்த ஒன்டாரியோவில், மதுபானம் பரிமாறுவோருக்கென்று இருந்த குறைந்த கூலி 2022 ஜனவரியில் நீக்கப்பட்டது. இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அதைச் சரி என்றது. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டமோ, டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுமையாக ஊழியர்களுக்கே போக வேண்டும், நிர்வாகம் அதில் கழிவு எதுவும் பிடிக்கக் கூடாது, அடுத்த மாத முடிவுக்குள் கொடுத்துவிட வேண்டும், எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது.

இந்திய வழி வாடிக்கையாளரின் பையைக் காக்கிறது. பிரித்தானிய வழி தட்டேந்தும் கையைக் காக்கிறது. மலையகத்துக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். இங்கே பத்து வீதத்தை நிறுத்தினால், சோற்றின் விலை மறுநாளே பத்து வீதம் ஏறும். ஏறியது எவருடைய சம்பளத்திலும் சேராது. இன்னொரு வழியையும் நம் இளைஞர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்: கட்டார். அங்கே 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடம் கொடுக்காவிட்டால் 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300 மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். இலங்கைக் காசில் அடிப்படை மாத்திரமே 80,000 ரூபாய்க்கு மேல் வரும். எங்களுக்குப் பரிமாறியவரோடு ஒன்றாகச் சேர்ந்த இருவர் இப்போது டோஹாவில் இருக்கிறார்கள். முகவருக்குக் கொடுக்கக் காசு சேர்ந்தால் தானும் போய்விடுவதாக அவர் சொல்கிறார். புதிதாக வருபவருக்கு அந்த வாசற்படி பழகச் சில மாதமாவது ஆகும் என்பதை உணவக முதலாளி கணக்கில் எடுத்திருக்கிறாரா தெரியவில்லை.

இனித் தீர்ப்பு. சமையலுக்கு ஐந்துக்கு நான்கு. பரிமாறலுக்கு ஐந்துக்கு ஐந்து. அந்தப் பரிமாறலை நடத்தும் விதத்துக்கு ஐந்துக்கு இரண்டு. இரண்டும் சேமலாப நிதியை ஒழுங்காகக் கட்டுவதற்காகக் கொடுத்தவை. மாத முடிவில் சேவைக் கட்டணம் மொத்தம் எவ்வளவு, எத்தனை புள்ளி, புள்ளிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினால், செலவே இல்லாமல் இன்னொரு மதிப்பெண் பெறலாம். உடைவுக் கணக்கை முதலாளி ஏற்றுக்கொண்டால் நான்கு.

போகிறவர்களுக்கு: ஏப்ரலில் முன்கூட்டியே மேசை சொல்லி வையுங்கள், மற்ற மாதங்களில் வார நாள் மதியத்தில் தாராளமாக இடம் இருக்கும். சோறும் கறியும் எடுப்பதே சரி; பொரித்த சோறும் நூடில்ஸும் எங்கும் கிடைப்பதுதான். பில் வந்ததும் பத்து வீதம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று முகாமையாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பரிமாறியவரிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். மேலதிகமாகச் சந்தோஷம் கொடுக்க விரும்பினால் காசாக, உங்களுக்குப் பரிமாறியவரின் கையிலேயே கொடுங்கள். அட்டையில் கட்டும்போது பில்லோடு சேர்த்துவிடச் சொன்னால், அதுவும் அதே குவியலில் விழுந்து, உடைவுக்கு ஒரு பங்கு கழிந்த பிறகுதான் அவரை எட்டும்.